‘ஆள் எங்கே?’ – தோட்டத்துச் செக்ரோல் முதல் கைப்பேசிக் கோபுரம் வரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையும், அதைத் தொடர்ந்து நடந்த கேள்வி பதிலும்)



கைப்பேசியை வைத்து ஒருவர் இருக்கும் இடத்தைப் போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கருவியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நம் மக்களுக்கு ஒரு நீண்ட கதை உண்டு. "ஆள் எங்கே இருக்கிறான்?" என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் கேட்பதும், அதற்கு ஒரு பதிவேடு பதில் சொல்வதும் கைப்பேசி வந்த பிறகு தொடங்கியவை அல்ல. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தை என்று கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது மூன்று நான்கு தலைமுறைப் பழக்கம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெரட்டும் செக்ரோலும்

தோட்டத்தில் பொழுது பெரட்டில்தான் விடியும். இருட்டு விலகுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் வாசிப்பார். வந்தவருக்குச் செக்ரோலில் ஒரு புள்ளி விழும். வராதவர் ஏன் வரவில்லை, லயத்தில் படுத்திருக்கிறாரா, மருத்துவமனைக்குப் போனாரா, பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிவிட்டாரா என்று கங்காணி பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில் வேலையை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு வருவது 1910-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் செக்ரோல் நிற்கவில்லை. ஒரு நாளில் ஒரு மனிதர் எந்த நிரையில் நின்று பால் வெட்டினார் என்பது வரைக்கும் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். செக்ரோலை எழுதுபவர் ஒருவர், அதில் எழுதப்படுபவர் வேறொருவர். எழுத்தறியாத தொழிலாளி தன் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டது என்று பார்க்க முடியாது. வேலைக்கு வந்த நாளில் 'வரவில்லை' என்று விழுந்திருந்தாலும், அவர் வாய்ச் சொல்லைவிடக் கிராணியின் பேனாவுக்குத்தான் மதிப்பு. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக் கொண்டால், பின்னால் வரப்போகும் கைப்பேசிக் கணக்கும் எளிதாகப் புரியும்.

முள்வேலியும் அடையாளக் கார்டும்

1948 ஜூன் மாதத்தில் நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. கம்யூனிஸ்டுப் படையினர் காட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு உணவும் பணமும் செய்தியும் காட்டோரத்து மக்களிடமிருந்து போவதாக அரசாங்கம் கருதியது. எனவே அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்த முதல் விஷயம், யார் யார் எங்கே வசிக்கிறார்கள் என்பது.

அந்த ஆண்டிலேயே ஆள் பதிவு தொடங்கியது. 12 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு கொடுக்கப்பட்டது. இன்று நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் ஐ.சி.யின் பிறப்பு இதுதான். கம்யூனிஸ்டுகள் இதன் வலிமையை உடனே புரிந்து கொண்டார்கள். பேருந்துகளை நிறுத்திப் பயணிகளின் கார்டுகளைப் பறித்துக் கிழித்தார்கள். கார்டு இல்லாதவர் போலீஸின் சந்தேகத்துக்கு ஆளானார். கார்டு வைத்திருந்தவர் காட்டிலிருந்து வருபவர்களுக்கு அஞ்சினார். இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்கள் சாதாரணத் தொழிலாளிகள்.

1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சீனக் குடியேற்றவாசிகளைப் புதுக் கிராமங்களுக்கு மாற்றியதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் இருந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில் திரட்டி வைக்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்று சேர்க்கப்பட்டன. சுற்றி முள்வேலி. இரவில் ஊரடங்கு. காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காகத் தூக்குச் சட்டியையும் திறந்து பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒருவர் எங்கே, எதனோடு பிடிபட்டார் என்பது உயிர் போகும் விஷயம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் வட சிலாங்கூரின் ரவாங் அருகே கைது செய்யப்பட்டார். கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதே ஆண்டு மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையில் சுமார் இரண்டு மாதம்தான்.

1952-இல் சர் ஜெரால்டு டெம்ப்ளர் இன்னொரு வழியைக் கையாண்டார். சிலாங்கூர் எல்லையை ஒட்டிய தஞ்சோங் மாலிமில் ஒரு நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். பிறகு வீடு வீடாகத் தாள் கொடுத்து, தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார். ஆள் இருக்கும் இடத்தை அறிய அன்று இவ்வளவு பாடு தேவைப்பட்டது. ஒரு நகரத்தையே பட்டினி போட வேண்டியிருந்தது.

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. முள்வேலி போனது. கார்டு மட்டும் தங்கிவிட்டது. 2001-இல் அது மைகார்டு ஆனது.

கோபுரம் எழுதும் செக்ரோல்

இப்போது கைப்பேசிக்கு வருவோம். நம் நாட்டில் 1985-இல் 'ஆத்தூர்' என்ற பெயரில் முதல் கைத்தொலைபேசிச் சேவை வந்தது. செங்கல் போன்ற கருவி, பணக்காரர்களின் காரில்தான் இருக்கும். தொண்ணூறுகளின் இறுதியில் முன்கட்டணக் கார்டு வந்த பிறகுதான் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கும் அது எட்டியது. பெயர் கொடுக்காமலேயே கடையில் சிம் கார்டு வாங்கிக் கொண்டிருந்தோம். 2006 ஜூலை முதல் முன்கட்டண எண்களையும் ஐ.சி.யோடு பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. 1948-இல் பிறந்த கார்டும் கையில் இருந்த தொலைபேசியும் அன்று ஒன்றாகக் கட்டப்பட்டன. அப்போது கடை வாசலில் வரிசை பிடித்து நின்ற நாம், எண் தடைபட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டோமே தவிர, இதை யோசிக்கவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? கைப்பேசி பேசுவதற்கு அருகில் ஒரு கோபுரம் வேண்டும். கோபுரம் பொதுவாக மூன்று பக்கமாக அலைகளை அனுப்பும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 120 பாகை விரிந்திருக்கும். நீங்கள் அழைக்கும்போதும், அழைப்பு வரும்போதும், குறுஞ்செய்தி அனுப்பும்போதும், எந்த எண், எந்த நேரம், எவ்வளவு நேரம், எந்தக் கோபுரம், அதன் எந்தப் பக்கம் என்பது நிறுவனத்தின் கணினியில் பதிவாகிவிடும். பில் போடுவதற்காக வைக்கப்பட்ட கணக்கு அது. போலீஸ் கேட்கும்போது அதுவே ஆள் நடமாட்டக் கணக்காகிறது.

பேசாமல் பையில் கிடக்கும் கைப்பேசியும் சும்மா இருப்பதில்லை. "நான் இந்தப் பகுதியில் இருக்கிறேன்" என்று அவ்வப்போது வலையமைப்புக்குச் சொல்லிக் கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் வரும் அழைப்பை எங்கே அனுப்புவது? இணைய வசதியுள்ள இன்றைய கைப்பேசிகள் இன்னும் அடிக்கடி தொடர்பு கொள்கின்றன.

இன்னொன்று, கருவிக்கே ஓர் அடையாள எண் உண்டு. ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண். சிம் கார்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டாலும், அதே கருவிதான் என்பதை அந்த எண் காட்டிக் கொடுக்கும். திருடிய கைப்பேசியில் தன் சிம்மைப் போட்டவர் மாட்டிக் கொள்வது இப்படித்தான்.

நேரடியாகத் தேடும்போது இன்னும் நெருங்கலாம். அலை போய் வரும் நேரத்தைக் கொண்டு கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். பழைய ஜி.எஸ்.எம். முறையில் இந்த அளவுகோல் ஏறக்குறைய 550 மீட்டர் படிகளாகப் போகும். மூன்று கோபுரங்களின் தூரம் தெரிந்தால் அவை வெட்டிக் கொள்ளும் இடத்தில் ஆள் இருக்கலாம். துணைக்கோளை நம்பும் ஜி.பி.எஸ். வேறு. அது கைப்பேசியே தன் இடத்தைக் கணித்துக் கொள்ளும் முறை. சில மீட்டர் வரை துல்லியமானது, ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் கைப்பேசியிலும் செயலி நிறுவனங்களிடமும் இருக்கும்.

கோலாலம்பூரில் ஒன்று, செம்பனைக் காட்டில் வேறு

படங்களில் கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும், உடனே போலீஸ் வண்டி போய் அந்த வீட்டு வாசலில் நிற்கும். உண்மை அப்படி இல்லை. கோலாலம்பூரில் சில நூறு மீட்டருக்கு ஒரு கோபுரம் இருக்கும். அங்கே வட்டம் சிறியது. புக்கிட் ரோத்தானைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்குள் போனால் கோபுரங்கள் தூரத் தூரத்தில் நிற்கின்றன. ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்துக்குள் லயம், கோயில், கடைத் தெரு, ஆற்றங்கரை எல்லாமே அடங்கிவிடலாம். கொலை நடந்த இடமும், சந்தேகப்படுபவர் படுத்துத் தூங்கிய வீடும் ஒரே வட்டத்துக்குள் இருக்கலாம்.

மேலும் கைப்பேசி எப்போதும் பக்கத்துக் கோபுரத்தையே பிடிக்கும் என்பதும் இல்லை. அங்கே நெரிசல் இருந்தால் தூரத்துக் கோபுரத்துக்குத் தாவும். சமதளமான கரையோரப் பகுதியில் அலை தடையின்றி வெகுதூரம் போகும். ஆகவே பதிவேடு சொல்வது, 'இந்தக் கருவி இந்தக் கோபுரத்தோடு பேசியது' என்பதை மட்டும்தான். அதிலிருந்து 'இந்த மனிதர் இந்த இடத்தில் நின்றார்' என்பதற்கு வர இன்னும் இரண்டு படி தாண்ட வேண்டும்.

டென்மார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். கைப்பேசி இடப் பதிவுகளை மாற்றித் தரும் கணினி முறையில் பிழைகள் இருந்தது 2019-இல் தெரிய வந்தது. 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபரிசீலனை செய்ய உத்தரவிட்டார்கள். அந்தச் சாட்சியத்தைப் பயன்படுத்துவதை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக் கைதிகள் சிலர் விடுவிக்கப்பட்டார்கள். கிராணியின் பேனா தவறும் என்றால் கணினியும் தவறும்.

பக்கத்தில் நடந்த வழக்கு

இந்த வட்டார மக்களுக்கு மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. 2006 அக்டோபரில் மங்கோலியப் பெண் அல்தான்துயா கொல்லப்பட்டார். புஞ்சாக் ஆலம் பகுதிக் காட்டில் அவரது உடலின் மிச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. புக்கிட் ரோத்தானிலிருந்து காரில் எளிதாகப் போய் வரக்கூடிய தூரம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் போலீஸ் சிறப்புப் படையினர். அன்றிரவு யார் யாரை அழைத்தார்கள், கைப்பேசிகள் எந்தப் பகுதியில் இருந்தன என்ற பதிவுகள் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன.

2009 ஏப்ரல் 9-இல் உயர்நீதிமன்றம் அந்த இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. 2013 ஆகஸ்ட் 23-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. 2015 ஜனவரி 13-இல் கூட்டரசு நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிப்படுத்தியது. தான் அப்போது வேறு இடத்தில் இருந்ததாக ஒருவர் வைத்த வாதம் அங்கே ஏற்கப்படவில்லை.

இந்த வழக்கிலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது இரண்டு. போலீஸ்காரரின் கைப்பேசியையும் கோபுரம் பதிவு செய்யும்; அதற்குச் சீருடை தெரியாது. ஆனால் பதிவு கையில் இருந்தும் தீர்ப்பு இரண்டு முறை தலைகீழானது. தனிப் பதிவாக எதுவும் வழக்கை முடித்து வைப்பதில்லை. மற்ற சாட்சியங்களோடு சேர்த்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்து, நீதிபதி எடைபோட்ட பிறகே அதற்கு மதிப்பு.

அனுமதி யார் கையில்?

இப்படிப்பட்ட பதிவை வாங்கப் போலீஸ் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 263-ஆவது பிரிவு, சட்ட அமலாக்கத்துக்கு நியாயமாகத் தேவைப்படும் உதவியை எழுத்து மூலம் கேட்டால் நிறுவனங்கள் தர வேண்டும் என்கிறது. பேச்சையே ஒட்டுக் கேட்க வேண்டுமானால், 2012-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 116சி பிரிவின்படி அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் அனுமதி தரலாம். இரண்டிலும் நீதிபதியின் கையெழுத்து கட்டாயமில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவில் கார்ப்பெண்டர் என்பவரின் 127 நாள் நடமாட்டத்தைப் போலீஸ் கைப்பேசி நிறுவனத்திடமிருந்து வாங்கியிருந்தது. இதற்கு நீதிபதியின் ஆணை தேவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நமக்கும் ஒரு பிடிமானம் இல்லாமல் இல்லை. சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2010-லேயே கூறியது. அந்தத் தீர்ப்பைக் கைப்பேசிப் பதிவு வரைக்கும் நீட்டுவது நாடாளுமன்றத்தின் வேலை. 2025-இல் கோடிக்கணக்கான கைப்பேசிகளின் பதிவுகளைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிறுவனங்களிடம் கேட்டது வெளியே வந்து சர்ச்சையானது. பெயர் நீக்கிய புள்ளிவிவரம்தான் என்று ஆணையம் விளக்கம் சொன்னது. இருக்கட்டும். ஆனால் 2017-இல் 4 கோடி 60 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த நாடு இது. மக்கள் கேள்வி கேட்பதில் தவறில்லை.

இவ்வளவு கருவி இருந்தும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. ஈப்போவைச் சேர்ந்த ஆசிரியை எம். இந்திரா காந்தியின் கைக்குழந்தையை 2009-இல் முன்னாள் கணவர் தூக்கிச் சென்றார். அவரைக் கைது செய்யும்படி கூட்டரசு நீதிமன்றம் 2016 ஏப்ரல் 29-இல் போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கோபுரம் தானாக யாரையும் தேடாது. யாரைத் தேடுவது, எவ்வளவு தீவிரமாகத் தேடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே, காரணமில்லாமல் தேடியதற்கும் தேட வேண்டியவரைத் தேடாததற்கும் கணக்குக் கேட்கும் இடம் ஒன்று வேண்டும். அது நீதிமன்றமாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி நேரம்

புக்கிட் ரோத்தானிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர்: ஐயா, என் ஐ.சி.யைக் கொடுத்து என் தம்பி மகனுக்கு ஒரு நம்பர் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. எனக்கு ஏதும் வருமா?

பதில்: அம்மா, நம் தோட்டங்களில் இது நிறைய நடக்கிறது. ஐ.சி. இல்லாதவர்கள், சிவப்பு ஐ.சி.க்காரர்கள், கடன் பாக்கியுள்ளவர்கள், யாராவது கேட்டால் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்த எண் ஒரு குற்றத்தில் சிக்கினால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். நாளைக்கே அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போங்கள். உங்கள் ஐ.சி.யில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். உங்களிடம் இல்லாததை ரத்து செய்து, எழுத்தில் சான்று வாங்கிக் கொள்ளுங்கள்.

ஓர் இளைஞர்: கைப்பேசியை அடைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்களே, அண்ணா?

பதில்: தம்பி, அடைத்தால் புதிய பதிவு விழாது. ஆனால் கடைசியாக எந்தக் கோபுரத்தில் இருந்தது, எத்தனை மணிக்கு அடைந்தது என்பது இருக்கும். சில வழக்குகளில் அந்த நேரமே கேள்வியாகிவிடும்.

நெறியாளர்: நிரபராதி ஒருவர் இதனால் தப்பிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. இதை எல்லாரும் தெரிந்து கொள்ள வேண்டும். கைது செய்யப்படுபவர் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ளும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு 2007 முதல் தருகிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்களுக்கு 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. பிள்ளை அந்த நேரத்தில் கிள்ளானில் வேலையில் இருந்தான் என்றால், அவன் கைப்பேசிப் பதிவும் அதைச் சொல்லும். வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே சொல்லி, அந்தப் பதிவைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நிறுவனங்கள் அதை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டா. வேலையிடத்து வருகைப் பதிவு, பேருந்துச் சீட்டு, கடை ரசீது, கூட இருந்தவரின் வாக்குமூலம் இவற்றையும் சேர்த்து வையுங்கள். அன்று செக்ரோலில் தன் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று நம் பாட்டனாருக்குக் கேட்கத் தெரியவில்லை, கேட்கவும் விடவில்லை. இன்று கேட்கலாம். கேட்க வேண்டும்.